உங்க பிச்சிருக்கு சாப்பாடு போய்ச் சேரலைங்க அக்கா

கேள்வி: வணக்கம் டாக்டர், நாங்க பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை. ஓணம் லீவுல கோயமுத்தூர் வந்தப்ப ஒம்பதாவது படிக்கிற என் பையன் சேத்து வெச்ச காசுல டைனோசர் மீனுன்னு சொல்லி ஒரு பிச்சிர் வாங்கிட்டு வந்தான், அப்ப அஞ்சு இஞ்ச் இருந்துச்சு, இப்பவும் அவ்வளவு தான் இருக்கு. டேங்க் நீளம் மூணடி, அகலம் ஒரு அடி, உயரம் ஒன்றரை அடி, உள்ள கலர் கல்லு போட்டிருக்கோம். அதுல முன்னாடியே ரெண்டு டைகர் ஆஸ்கர், ரெண்டு ப்ளூ கௌராமி, ஒரு சக்கர் மீன், பத்து நியான் டெட்ரா இருந்துச்சு. இப்ப டெட்ரா ரெண்டு தான் மிச்சம். காலைலயும் சாயங்காலமும் மிதக்கற தீனி போடறோம். பிச்சிர் மெலிஞ்சு தலை மட்டும் பெருசா தெரியுது, விலாவுல வெள்ளையா ஒரு திட்டு வந்திருக்கு, அப்பப்ப மேல போய் காத்தைக் குடிச்சுட்டு வருது. கடைக்காரர் நீல மருந்தும் கல்லுப்பும் போடச் சொல்றார். வீட்டுக்காரர், இது மத்த மீனைத் தின்னு தீக்குது, மூலத்தறை கனால்ல விட்டுரலாம்ங்கறார். பையனோ தொணைக்கு இன்னொன்னு வாங்கினா சரியாயிரும்னு அழறான். என்ன பண்ணட்டும்?

பதில்: அக்கா, லெட்டர்ல நீங்க எல்லா விவரமும் கொடுத்ததே பாதி வைத்தியம். நான் பொள்ளாச்சியில மீன் வைத்தியம் பாக்கறவன், உங்க ஊர்ப்பக்கத்துல இருந்தும் கவர்ல மீனைப் போட்டு எடுத்துட்டு வருவாங்க, பிச்சிர் விஷயத்துல நான் அதிகமா பாக்கறது வியாதி இல்லீங்க, பட்டினி. உங்க மீனும் பட்டினியா தான் கெடக்கு. நிறைய சாப்பாடு விழற டேங்க்ல அது எப்படி பட்டினியாகும்னு கேப்பீங்க, அதைத் தான் மொதல்ல சொல்லணும்.

இந்த மீனுக்கு கண்ணு ரொம்ப மோசம். மூக்குல ரெண்டு சின்னக் குழாய் நீட்டிட்டு இருக்கறதை பையன் பாத்திருப்பான், வாசனையை மோந்து மோந்து தரையோட தரையா போய் தான் இரையைக் கண்டுபிடிக்கும், அதுவும் இருட்டின பிறகு தான் நல்லா வெளிய வரும். நீங்க போடறது மிதக்கற தீனி, போடறது வெளிச்சத்துல, பக்கத்துல இருக்கறது ரெண்டு ஆஸ்கர். தீனி தண்ணியத் தொடற நொடியில ஆஸ்கர் முழுங்கிடும், மிச்சம் இருந்தா கௌராமி பொறுக்கிடும், வாசனை கீழ போய் பிச்சிர் மெல்ல நகந்து வர்றதுக்குள்ள மேல ஒண்ணும் இருக்காது. கல்யாணப் பந்தியில கண்ணு தெரியாத பெரியவரைக் கடைசி எலையில உக்கார வெச்சுட்டு யாரும் பக்கத்துல நிக்காம போன கதை தான். நீங்க ரெண்டு வேளையும் போடறீங்க, அதுக்கு ஒரு வேளையும் கிடைக்கல. நாலஞ்சு மாசத்துல நல்லா சாப்பிட்ட குட்டி இந்நேரம் எட்டு இஞ்சாவது தாண்டியிருக்கும், அஞ்சுலயே நிக்குதுன்னா அது தான் கணக்கு.

சரி, அப்ப நியானைத் தின்னது யாரு? பிச்சிர் ஒண்ணு ரெண்டு தின்னிருக்கலாம், நியான் ராத்திரி தூங்கறப்ப அடியில இறங்கி அசையாம நிக்கும், வாசனை பிடிச்சு வந்தா கவ்வறது சுலபம், அதனால நியானும் கப்பியும் பிச்சிர் கூட ஆகவே ஆகாது. ஆனா எட்டையும் அதே தின்னிருந்தா இப்படி மெலிஞ்சிருக்காது. நான் மொதல்ல சந்தேகப்படறது ஆஸ்கரைத் தான், அதுக்கு கண்ணு கூர்மை, வாய் பெருசு, நாலு இஞ்ச் ஆஸ்கருக்கு நியான் ஒரு வாய் தீனி. வீட்டுக்காரர் கிட்ட இதைச் சொல்லுங்க, பழி முழுசும் ஒண்ணு மேலயே விழ வேணாம். மிச்சம் இருக்கற ரெண்டு நியானை இன்னிக்கே எடுத்து ஒரு சின்னத் தொட்டியில போட்டுருங்க.

இப்ப காத்துக் குடிக்கறது. அது வியாதியே இல்லீங்க, அது பொறப்பே அப்படித் தான். பிச்சிருக்கு செவுளும் இருக்கு, நுரையீரலும் இருக்கு, நுரையீரல் ஒரு ஜோடி, வயித்துப் பக்கமா அமைஞ்சிருக்கும். ஆப்பிரிக்காவுல நைல், காங்கோ, செனகல் ஆறுங்க வெள்ளத்துல பரவுற சதுப்புலயும் கரையோரத்துலயும் வாழற மீன், அங்க வெயில்ல தண்ணி சூடாகி ஆக்சிஜன் குறைஞ்சு போயிரும், மத்த மீன் தவிக்கறப்ப இது மேல வந்து ஒரு மூச்சு எடுத்துட்டு போய் படுத்துக்கும். தலை மேல கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து தான் பெரும்பாலும் காத்தை இழுக்குதுன்னு 2014ல ஆராய்ச்சியாளர்கள் படம் பிடிச்சே காமிச்சிருக்காங்க. அதனால மேல போறதைப் பாத்து பயப்படாதீங்க, அது மேல போக முடியாத மாதிரி டேங்க்கை விளிம்பு வரைக்கும் ரொப்பி கண்ணாடியை மூடறது தான் தப்பு, தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல மூணு இஞ்சாவது காத்து இருக்கணும். ஆனா எவ்வளவு தடவை போகுதுங்கறதை கவனிங்க. திடீர்னு ரொம்ப அடிக்கடி போக ஆரம்பிச்சா, கூடவே ஆஸ்கரும் கௌராமியும் செவுளைப் படபடன்னு அடிச்சா, தண்ணியில ஏதோ கோளாறுன்னு அர்த்தம்.

இதே காரணத்தால இன்னொரு ஆபத்து இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. கரண்ட் போச்சுன்னா பிச்சிர் தாக்குப்பிடிக்கும், ஆஸ்கர் தாக்குப்பிடிக்காது. ஏப்ரல் மாசம் உங்க பக்கம் அடிக்கற வெயில்ல ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் இல்லாம போயி ஒரு ஆஸ்கர் செத்து அடியில கெடந்தா, அது அழுகி வர்ற அமோனியா பிச்சிரையும் கொண்டு போயிரும். பேட்டரியில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, பெரிய செலவு இல்ல.

வெள்ளைத் திட்டுக்கு வருவோம், நீங்க சொன்னதுல எனக்கு கவலை தந்தது இது ஒண்ணு தான். பிச்சிர் செதில் சாதாரண செதில் இல்ல, எலும்பு மாதிரி கெட்டியா ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக் கோத்த கவசம், பல்லு பட்டாலும் சுலபமா காயம் ஆகாது. ஆனா அது மேல வழவழன்னு ஒரு சளிப் படலம் இருக்கும் பாருங்க, அது தான் கிருமி உள்ள போகாம காக்கறது. உங்க டேங்க்ல சக்கர் இருக்கு. பாசி தின்னு டேங்க் சுத்தமா வெச்சுக்கும்னு எல்லாரும் வாங்கிப் போடற மீன், சின்னதுல அப்படித் தான், வளர வளர அதுக்கு பாசி பத்தாது, அசையாம படுத்திருக்கற மீன் மேல ஒட்டி சளியைச் சுரண்டித் திங்க ஆரம்பிச்சுரும். பகல் பூரா ஒரே இடத்துல கெடக்கற பிச்சிரை விட அதுக்கு வசதியான மீன் வேற எது? நான் பாத்த வெள்ளைத் திட்டு கேஸ்ல நிறைய இப்படி வந்தது தான்.

ஆனாலும் கண்ணால பாக்காம நான் முடிவு கட்ட மாட்டேன், பையனை ஒரு வேலை பண்ணச் சொல்லுங்க. ராத்திரி லைட் அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சு, பூதக்கண்ணாடி இருந்தா அதையும் வெச்சு அந்தத் திட்டைப் பாக்கச் சொல்லுங்க. பளபளப்பு போயி மங்கலா, தேச்சு எடுத்த மாதிரி இருந்தா சக்கர் வேலை. பஞ்சு ஒட்டின மாதிரி நாரு நாரா நின்னா பூஞ்சை, அது காயம் பட்ட இடத்துல பிறகு வர்றது. முடி கணக்கா சின்னச் சின்னப் புழு ஒட்டிட்டு நெளிஞ்சுதுன்னா அது வேற கதை, மேக்ரோகைரோடாக்டிலஸ்னு ஒரு தட்டைப் புழு, பிச்சிர் இனத்து மேலயே வாழறது, முட்டை போடாம நேரா குட்டி போடற ஜாதிங்கறதால வேகமா பெருகிரும், ஆத்துல பிடிச்சு வந்த மீன்ல தான் அதிகம் இருக்கும், அப்ப மீன் கல்லு மேல உடம்பைத் தேய்க்கும், சடக்கு சடக்குன்னு உதறும். புழுன்னு தெரிஞ்சா ப்ராசிக்வான்டெல்னு ஒரு மருந்து இருக்கு, ஆனா டேங்க்ல எத்தனை லிட்டர்னு அளந்து தான் போடணும், போட்டோ அனுப்புங்க, அளவு நான் சொல்றேன், நீங்களா வாங்கிக் கொட்டாதீங்க.

நீல மருந்தும் கல்லுப்பும் இப்ப வேணாங்க அக்கா. மெத்திலீன் ப்ளூ தனித் தொட்டியில போடற மருந்து, மெயின் டேங்க்ல ஊத்தினா ஃபில்டர்ல வளர்ந்திருக்கற நல்ல பாக்டீரியாவும் அடி வாங்கும், அது செத்தா அமோனியா ஏறும், காயத்தோட இருக்கற மீனுக்கு அது தீயில எண்ணெய். சக்கர் மீனை எடுத்துட்டு, ஒரு ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணி மாத்துங்க, பெரும்பாலான காயம் அதுலயே ஆறிரும். மாத்தற தண்ணி பழைய தண்ணியோட சூட்டுல இருக்கட்டும்.

தண்ணின்னு சொன்னதும் ஞாபகம் வருது. கிழக்கு சித்தூர்ப் பக்கம் போர் தண்ணி கடினத் தண்ணி, ஃபுளோரைடும் இருக்கற இடம், அதனால உங்க பக்கத்து ஆளுங்க ஆர்ஓ தண்ணி ஊத்தணுமான்னு கேப்பாங்க. பிச்சிருக்கு அந்த அளவுக்கு நுணுக்கம் தேவையில்லை, பிஹெச் ஆறரைல இருந்து ஏழே முக்கால் வரைக்கும் தாராளமா பழகிக்கும், கொஞ்சம் அங்க இங்க ஆனாலும் நிலையா இருந்தா போதும். பிஹெச் குறைக்கற பாட்டில் எதையும் வாங்காதீங்க, இன்னிக்கு இறங்கி நாளைக்கு ஏறினா அது தான் கெடுதல். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் ஏர் போட்டு வெச்சுட்டு ஊத்துங்க. ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்க, அமோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமா பூஜ்யம் காமிக்கணும், நைட்ரேட் நாப்பதுக்கு கீழ. இது ஒண்ணு தான் நான் கட்டாயம்னு சொல்ற செலவு. சூடு 25ல இருந்து 29 டிகிரி. மார்கழி தை மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சுழட்டி அடிக்கறப்ப ராத்திரி தண்ணி ஜில்லுனு ஆயிரும், ஜன்னலோரம் டேங்க் இருந்தா ஒரு நூறு வாட்ஸ் ஹீட்டர் போட்டுக்கோங்க.

இப்ப சாப்பாடு, இதுல தான் உங்க மீன் பொழைக்கறது இருக்கு. பிளம்பிங் கடையில முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு துண்டு, டேங்க் உயரத்தை விட கொஞ்சம் நீளமா வாங்கி, முனையை உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேச்சுக்கோங்க. ராத்திரி லைட் அணைச்ச பிறகு மொதல்ல மேல ஒரு மூலையில ஆஸ்கருக்கு மிதக்கற தீனி போடுங்க, அது ரெண்டும் அங்க மும்முரமா இருக்கறப்ப, இந்தப் பக்கம் பைப்பை பிச்சிர் மூஞ்சிக்குப் பக்கத்துல இறக்கி, மேல இருந்து சாப்பாட்டைப் பைப்புக்குள்ள போடுங்க, நேரா அது முன்னால விழும். மொத ரெண்டு மூணு நாள் பயந்து ஒதுங்கும், பைப்பு வந்தா சாப்பாடு வருதுன்னு பழகிருச்சுன்னா தேடிட்டு வந்து நிக்கும், பையனுக்கு அதைப் பாக்கறதே பெரிய சந்தோஷமா இருக்கும். கையால ஊட்டறது வேணாம், கண்ணு தெரியாம விரலையும் சேத்துக் கவ்வும்.

என்ன போடணும்னா, அடியில மூழ்கற மாமிசத் தீனி, கடையில சிங்கிங் பெல்லட்னு கேட்டா குடுப்பாங்க, அதைப் பழக்கிட்டா பாதிக் கவலை தீந்துச்சு. ஆனா மெலிஞ்ச மீன் உடனே பெல்லட் எடுக்காது, அதனால மொத ரெண்டு வாரம் வாசனை அதிகமானதா குடுங்க, ஓடு உரிச்ச இறால் சின்னத் துண்டு, ஜிலேபி மீன் சதை (உங்க பக்கம் திலோப்பியான்னு சொல்வாங்க) முள்ளு இல்லாம, ஃப்ரோசன் ப்ளட்வார்ம், மண்புழு. மண்புழு ரொம்ப விரும்பித் திங்கும், ஆனா தென்னந்தோப்புல தோண்டாதீங்க, வண்டுக்கும் வெள்ளை ஈக்கும் மருந்து வெச்ச மண்ணுல வந்த புழு மீனுக்கு விஷம், வீட்டுக் கொல்லையில மருந்து படாத இடத்துல எடுத்து, கழுவி, ஈரத்துணியில ஒரு ராத்திரி வெச்சு வயித்து மண்ணு போன பிறகு போடுங்க. மத்தி சீப்பா கிடைக்குதுன்னு போடாதீங்க, எண்ணெய் பிரிஞ்சு தண்ணி மேல ஆடை கட்டிரும். கோழி ஈரல், மாட்டு நெஞ்சுன்னு சிலர் சொல்வாங்க, அந்தக் கொழுப்பு மீனுக்கு செரிக்காது. எதையும் தொடர்ந்து ஒண்ணே போடாம மாத்தி மாத்திக் குடுங்க, ஏன்னா பச்சை இறால்லயும் சில மீன்லயும் வைட்டமின் பி1ஐ அழிக்கற ஒரு பொருள் இருக்கு, அதையே மாசக்கணக்கா தின்னா நரம்பு தளர்ந்து மீன் சுத்திச் சுத்தி நீந்தும். உயிரோட சின்ன கோல்ட்ஃபிஷ் வாங்கிப் போடறதும் அதே ஆபத்து தான், கூடவே கடைத் தொட்டி வியாதியும் இலவசமா வரும்.

அளவு? இப்ப மெலிஞ்சிருக்கறதால தினமும் ராத்திரி, வயிறு லேசா உருண்டு வர்ற அளவு, அரை மணி நேரத்துல தின்னாதது இருந்தா எடுத்துருங்க. உடம்பு தேறி எட்டு இஞ்ச் தாண்டின பிறகு வாரத்துல மூணு நாள் போதும். இது கிடைச்சா தின்னுட்டே இருக்கற மீன், பாசத்துல தினமும் ஊட்டி வயிறு பலூனாட்டம் ஆன பிச்சிரும் எங்கிட்ட வரும்.

பக்கத்துல எது இருக்கலாம்ங்கறதுல நான் பாக்கறது ரெண்டே விஷயம். அது பிச்சிர் வாய்க்குள்ள போகுமா, இல்ல பிச்சிரைத் துன்புறுத்துமா. மொதக் கேள்விக்கு மீனோட நீளத்தைப் பாக்காதீங்க, உடம்பு உயரத்தைப் பாருங்க. ஒல்லியா நீளமா இருக்கற மீன் மூணு இஞ்ச் இருந்தாலும் உள்ள போயிரும், தட்டையா உயரமா இருக்கற சில்வர் டாலர் அதே நீளத்துல போகாது. சில்வர் டாலர், நல்லா வளர்ந்த காங்கோ டெட்ரா, செவரம், டின்ஃபாயில் பார்ப், ஆப்பிரிக்காவுலயே பிச்சிரோட ஒரே தண்ணியில வாழற சைனோடான்டிஸ் கெளுத்தி, இதெல்லாம் ஒத்துப்போகும், உங்க ப்ளூ கௌராமியும் வளந்துட்டா பரவாயில்ல, மேல் தண்ணியில திரியற மீன்ங்கறதால ரெண்டுக்கும் அதிகம் சந்திப்பே இல்ல. ஆகாததுன்னா ஃப்ளவர்ஹார்ன் கண்டிப்பா ஆகாது, ரெட் டெயில் கேட்ஃபிஷ், அலிகேட்டர் கார் மாதிரி ராட்சச மீனெல்லாம் பிச்சிரையே முழுங்கிடும், சக்கர் பத்தி சொல்லிட்டேன்.

ஆஸ்கர் தான் உங்க வீட்டு முடிச்சு. ஆஸ்கரும் பிச்சிரும் சேந்து வாழவே வாழாதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆறடி டேங்க்ல அமைதியா இருக்கற ஜோடி நிறைய உண்டு. ஆனா ஆஸ்கர் ஒவ்வொண்ணும் ஒரு அடி வரைக்கும் வளரும், உங்க டேங்க்ல மொத்தமே நூத்தி இருவத்தஞ்சு லிட்டர் சுமார், அதுல ரெண்டு ஆஸ்கர் கழிவே தாங்காது, பிச்சிர் இல்லாட்டியும் தாங்காது. அதனால வீட்டுல உக்காந்து பேசி ஒண்ணை முடிவு பண்ணுங்க, ஆஸ்கரா பிச்சிரான்னு. பையன் காசுல வந்தது பிச்சிர், அவன் கிட்டயே கேளுங்க. ஆஸ்கரை கடையில திருப்பிக் குடுத்தா நல்ல சைஸ்ல இருக்கறதால சந்தோஷமா வாங்கிக்குவாங்க.

பிச்சிர் தங்குதுன்னா டேங்க்கும் மாறணும், இன்னிக்கே இல்ல, ஒரு ஆறு மாசத்துக்குள்ள. மொதல்ல இது எந்த ஜாதின்னு பாருங்க, பட்டை இல்லாம சாம்பல் பச்சையா, கீழ்த் தாடை வெளிய நீட்டாம இருந்தா செனகலஸ், கடையில அதிகம் வர்றது அது தான், ஒரு அடி, மிஞ்சினா இன்னும் கொஞ்சம். கறுப்புப் பட்டை அடிச்சு கீழ்த் தாடை முன்னால தள்ளிட்டு இருந்தா எண்ட்லிச்சேரி வகையறா, ரெண்டடி தாண்டற மீன், அதுக்கு ஆறடி டேங்க் கூட ஆரம்பம் தான், வாங்கினவங்க கிட்ட யாரும் அதைச் சொல்றதில்ல, எனக்கு அதுல ரொம்ப ஆதங்கம். செனகலஸ்னா நாலடி நீளம், ரெண்டடி அகலம், ஒன்றரை உயரம், முன்னூத்து நாப்பது லிட்டர் வரும், அது ஆயுசுக்கும் போதும். உயரத்துல காசு போடாதீங்க, அகலத்துல போடுங்க, ஒரு அடி நீள மீன் ஒரு அடி அகலத்துல எப்படித் திரும்பும்? இது நல்லா வெச்சா பத்து வருஷம் தாண்டி வாழற மீன், பையன் வேலைக்குப் போற வரைக்கும் கூட இருக்கும்.

கலர் கல்லை எடுத்துருங்க, தரையில மோந்து கவ்வறப்ப கல்லையும் சேத்து முழுங்கும், வயித்துல அடைச்சா ஒண்ணும் பண்ண முடியாது. நைஸ் மணல் ரெண்டு இஞ்ச் போதும், வீடு கட்ட வெச்சிருக்கற எம்சாண்ட் மட்டும் வேணாம், அது உடைச்ச கருங்கல்லு, விளிம்பெல்லாம் கூர்மை, நாள் பூரா வயித்தைத் தரையில வெச்சுப் படுக்கற மீனுக்கு அது ஆகாது. மூணு இஞ்ச் பைப் துண்டு ஒண்ணு, விளிம்பு தேச்ச ஒடஞ்ச பானை ஒண்ணு போடுங்க, ஒளிய இடம் இருந்தா தான் வெளிய வர்ற தைரியமே வரும்.

மூடி! உங்க லெட்டர்ல மூடியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அதான் கேக்கறேன். ஃபில்டர் குழாய் போற சந்து வழியா கூட இது ஏறிப் போயிரும், பிச்சிர் சாகறதுல தரையில காஞ்சு சாகறது பெரிய பங்கு. அந்த மாதிரி சந்து எல்லாத்தையும் ஸ்பான்ஞ் வெச்சு அடைங்க. ஒருவேளை காலைல தரையில கெடந்தா, செத்துருச்சுன்னு தூக்கிப் போடாம ஈரக் கையால எடுத்து தாழ்வான தண்ணியில விட்டுப் பாருங்க, உடம்பு ஈரம் இருந்தா பொழைச்சுக்கற வாய்ப்பு உண்டு. பையனுக்கு இதைச் சொல்லுங்க, கனடாவுல மெக்கில் யுனிவர்சிட்டி ஆளுங்க செனகலஸ் குட்டிங்களை எட்டு மாசம் கிட்டத்தட்ட தரையிலயே வளர்த்து, அது துடுப்பை ஊனி நடக்கற விதமும் தோள் எலும்பும் மாறிப்போறதை 2014ல வெளியிட்டாங்க, மீனு எப்படி கரையேறியிருக்கும்னு புரிஞ்சுக்க. அவங்க ஈரப்பதம் குறையாம ஸ்ப்ரே அடிச்சு வளர்த்தது, நம்ம வீட்டு டைல்ஸ்ல அது நடக்காது.

இன்னும் ஒண்ணு அவன் கேட்டுருவான், வாங்கறப்ப சின்னக் குட்டியில கழுத்துப் பக்கம் இறகு மாதிரி நீட்டிட்டு இருக்கறது என்னன்னு. அது வெளிச் செவுள், குட்டிப் பருவத்துல மட்டும் இருக்கும், வளர்றப்ப தானா மறைஞ்சுரும். இந்தக் குட்டி முட்டையில எப்படி வளருதுன்னு பாக்கறதுக்காகவே ஜான் சாமுவேல் பட்ஜெட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் நாலு தடவை ஆப்பிரிக்கா போனார், கடைசிப் பயணத்துல முட்டை கிடைச்சுது, ஆனா அங்க வந்த காய்ச்சல்ல 1904ல இறந்துட்டார், வயசு முப்பத்தொண்ணு தான். மீன் மேல ஆசை இருக்கற பையனுக்கு இதெல்லாம் சொல்லுங்கக்கா, படிப்புக்கு கெடுதல் இல்ல.

வீட்டுக்காரர் கிட்ட கனால் விஷயத்தை கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. மூலத்தறையில விட்டது கனாலோட நிக்காது, சித்தூர்ப் புழை வழியா பாரதப்புழைக்கே போகும். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளத்து ஆறுங்கள்ல அரபைமா, அலிகேட்டர் கார்னு ராட்சச வெளிநாட்டு மீனெல்லாம் வலையில மாட்டுச்சு, எல்லாம் வளர்ப்புத் தொட்டியில இருந்து வந்தது. சக்கரும் அப்படித் தான் நம்ம ஆத்துல எல்லாம் பெருகிக் கெடக்கு. காத்துல மூச்சு விட்டு, கெட்ட தண்ணியிலயும் பொழைச்சு, சின்ன மீனைத் தின்னற மீனை ஆத்துல விட்டா நம்ம கெண்டைக் குஞ்சும் ஆரல் குஞ்சும் தான் பாவம். சக்கர் மீனையும் விடாதீங்க, கடையில திருப்பிக் குடுங்க, வாங்கலைன்னா எனக்கு எழுதுங்க, எடுத்துக்க ஆள் நான் பாத்து சொல்றேன்.

கடைசியா தொணைக்கு இன்னொன்னு. பிச்சிருக்கு தொணை அவசியமில்ல, தனியாவே நிம்மதியா இருக்கும், ஒண்ணா போட்டாலும் சண்டை பெருசா போடாது, ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்கும். ஆனா இப்ப வாங்கவே கூடாது. இப்ப இருக்கறது அஞ்சு இஞ்ச், மெலிஞ்சது, கடையில எட்டு இஞ்ச் ஒண்ணு எடுத்துட்டு வந்தா சாப்பாட்டு நேரத்துல வாசனைக் குழப்பத்துல இது வாலையே அது கவ்வும், மூணு இஞ்ச் குட்டி எடுத்துட்டு வந்தா இது அதை முழுங்கப் பாக்கும். நாலடி டேங்க் வந்து, இது தேறி, காயம் ஆறின பிறகு, அதே சைஸ்ல ஒண்ணு வாங்கலாம், வாங்கினதை நாலு வாரம் தனித் தொட்டியில வெச்சு புழு இல்லைன்னு பாத்துட்டு தான் சேக்கணும்.

இன்னிக்கு ராத்திரியே சக்கர் மீனையும் நியானையும் எடுத்துட்டு, பைப் வெச்சு சாப்பாடு குடுக்க ஆரம்பிச்சுருங்க. டார்ச் அடிச்சுப் பாத்த போட்டோவும் டெஸ்ட் கிட் நம்பரும் அனுப்புங்க, மேல இருந்து ஒரு போட்டோ, பக்கத்துல ஸ்கேல் வெச்சு, முதுகும் வயிறும் எவ்வளவு ஒட்டியிருக்குன்னு தெரியற மாதிரி. ரெண்டு வாரம் கழிச்சு அதே கோணத்துல இன்னொன்னு எடுங்க. அதுக்குள்ள திட்டு பெருசானா, செவந்தா, இல்ல பைப்ல போட்டும் நாலு நாள் தொடர்ந்து வாயே வைக்கலைன்னா காத்திருக்க வேணாம், டேங்க் தண்ணியோட ஒரு மூடி போட்ட பக்கெட்ல போட்டு நேரா எடுத்துட்டு வந்துருங்க, பொள்ளாச்சி ஒண்ணும் தூரமில்ல, பக்கெட்ல பாதிக்கு மேல தண்ணி வேணாம், மூடியில ஓட்டை போட்டு நல்லா கட்டிக்கோங்க.